பிற விடயங்கள் என்ற அமர்வு

அழைப்பிதழில் யாருடைய பெயருக்குக் கீழே யாருடைய பெயர் வரவேண்டும் என்று ஐந்து கூட்டங்களில் பேசினோம். வந்திருந்த கட்டுரைகளைப் பற்றி ஒரே ஒரு கூட்டத்தில், அதுவும் தேநீர் வரும்வரைதான் பேசினோம். நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. கோபப்பட எனக்கு அருகதை இல்லை என்பதும் தெரியும். அந்த ஆறு கூட்டங்களுக்கும் தலைமை தாங்கியவன் நான்.

வடக்கு, கிழக்கு உயர்கல்வி நிலையங்களின் நூலகர்கள் இரண்டு நாள் கூடிக் கட்டுரை வாசிக்கும் மாநாடு அது. அந்த முறை திருகோணமலையில் நடத்துவதென்று முடிவாகிப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. விழுந்தது என்று சொல்வதும் பொய். நானே கேட்டு வாங்கினேன். ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது, போவதற்கு முன் பெரிதாக ஒன்றைச் செய்துவிட்டுப் போகவேண்டும் என்ற ஆசை. நான் வேலை பார்த்த நிலையத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. உள்துறைமுகத்தைப் பார்த்த ஒரு மேட்டில் அதன் நூலகம் இருந்தது, நான் அங்கே இருபது வருடத்துக்கு மேல் நூலகராக இருந்தேன் என்பது போதும்.

கூட்டங்கள் என் அறையில் நடந்தன. செயலாளராக இருந்தவர் எனக்கு அடுத்த நிலையிலிருந்த பிரதி நூலகர். நல்ல மனிதர்தான், ஆனால் அழைப்பிதழ் என்று வந்தால் அவருக்கு உடம்பெல்லாம் வியர்த்துவிடும்.

"சேர், பிரதம அதிதிக்குக் கீழ சிறப்பு அதிதி, அவருக்குக் கீழ கௌரவ அதிதி. அப்ப எங்கட நிலையத்து முதல்வரை எங்க போடுறது?"

"முதல்வர்தானே தலைமை. மேல போடுங்கோ."

"மேல போட்டா அமைச்சில இருந்து வாற ஆள் கீழ போயிடுவார். முந்தி ஒருக்கா இப்பிடிப் போட்டுத்தான் ஒருத்தர் கார்டைத் திருப்பி அனுப்பினவர்."

"அப்ப ரெண்டு பேரையும் பக்கத்தில பக்கத்தில போடுங்கோ."

"பக்கத்திலயெண்டா வலப்பக்கம் ஆர் சேர், இடப்பக்கம் ஆர்?"

மூலையில் இருந்து கூட்டக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தவர் தலை நிமிராமல் சொன்னார்: "வட்டமாப் போட்டா ஒருத்தரும் கீழ இல்லை, சேர்."

எல்லோரும் சிரித்தோம். செயலாளர் மட்டும் சிரிக்கவில்லை. "பிள்ளை, நீர் குறிப்பை எழுதும். டிசைனை நாங்கள் பாக்கிறம்."

நான் எழுதுவது அந்தக் குறிப்பு எழுதியவரைப் பற்றித்தான்.

அவர் எங்கள் நூலகத்தில் உதவியாளர். நாற்பது தாண்டிய பெண். கட்டைபறிச்சானில் வீடு. குடாவைச் சுற்றிப் பாலங்களெல்லாம் கடந்து பஸ்ஸில் வந்து எட்டரைக்குக் கவுண்டரில் நிற்பார். நூல்களை வழங்குவதும் திரும்ப வாங்குவதும் அவருடைய வேலை. தமிழில் வேகமாக அடிப்பார் என்பதால் என் கடிதங்களும் மாநாட்டு வேலையும் அவரிடமே போய்ச் சேர்ந்தன. வேலை செய்துகொண்டே வெளிவாரியாகப் பட்டம் எடுத்து, நூலகத்துறையில் டிப்ளோமாவும் முடித்திருந்தார். உதவி நூலகர் பதவி ஒன்று வெற்றிடமாக இருந்தது. மாநாடு முடிந்து மூன்று மாதத்துக்குள் நேர்முகம் நடக்க இருந்தது. அவருக்கு எல்லாத் தகுதியும் இருந்தது, ஒன்றைத் தவிர: அறிஞர் மாநாடு ஒன்றில் கட்டுரை வாசித்திருக்க வேண்டும். அடுத்த முறை விளம்பரம் வரும்போது அவர் வயதெல்லையைத் தாண்டியிருப்பார்.

இதையெல்லாம் அவரே என்னிடம் வந்து சொன்னார். "சேர், நானும் ஒரு கட்டுரை அனுப்பலாமோ? உதவியாளர் தரத்தில இருக்கிறவை அனுப்பக் கூடாதெண்டு அறிவித்தலில போடேல்லை."

"ஆர் வேண்டாமெண்டது? அனுப்புங்கோ" என்றேன். பெருந்தன்மையாகச் சொன்னேன். எழுதமாட்டார் என்று நினைத்தேன்.

கட்டுரை வந்தது. பெயரை நீக்கிவிட்டு மூன்று பேர் மதிப்பிடுவது எங்கள் முறை. நானும் ஒரு மதிப்பீட்டாளன். பெயர் இல்லாவிட்டாலும் இரண்டாவது பந்தியிலேயே யாருடையது என்று தெரிந்துவிட்டது. அது எந்த நூலகம் என்றும் தெரிந்துவிட்டது.

கவுண்டரில் அவர் ஒரு கொப்பி வைத்திருந்தாராம். எனக்குத் தெரியாது. கேட்டு வந்து கிடைக்காமல் திரும்பிப் போன ஒவ்வொருவரைப் பற்றியும் அதில் ஒரு வரி: கேட்டது என்ன, ஏன் கொடுக்கவில்லை, வாசகர் என்ன சொல்லிவிட்டுப் போனார். பல வருடத்துக் கொப்பி. நூல் இல்லாததால் திரும்பியவர்கள் ஒரு பக்கம். நூல் இருந்தும் திரும்பியவர்கள் மறுபக்கம். கட்டுரை இந்த இரண்டாம் பக்கத்தாரைப் பற்றியது.

இருந்தும் கொடுக்காத நூல்கள் எங்கே இருந்தன என்பதைச் சொல்லவேண்டும். என் அறைக்குப் பின்னால் ஆறு அலுமாரிகள். யுத்த காலத்தில் ஊரை விட்டுப் போனவர்கள் தந்துவிட்டுப் போன நூல்கள், பாடசாலை மலர்கள், கோயில் மலர்கள், பள்ளிவாசல் மலர்கள், இங்கே அச்சாகி நின்றுபோன சஞ்சிகைகள், வேறெங்கும் இல்லாத கைப்பிரதிகள். ஒவ்வொன்றாகச் சேர்த்துத் துடைத்து, பூச்சி மருந்து வைத்து, பூட்டி, திறப்பை நான் வைத்திருந்தேன். நூல்கள் எரிந்ததையும் நனைந்ததையும் கண்டவன் நான். இனி ஒன்றும் போகக் கூடாது என்று நினைத்தேன். வெளியிலிருந்து வரும் பெரியவர்களுக்குத் திறந்து காட்டுவேன். "ஒண்டு கூடத் துலையேல்லை" என்பேன். அதுதான் என் பெருமை. கவுண்டரில் கேட்பவர்களுக்கு "ஏலாது" என்று சொல்லச் சொல்லியிருந்தேன். சொன்னது அவருடைய வாய்.

ஈச்சிலம்பற்றுக் குளங்களைப் பற்றி எழுத வந்த மாணவி மூன்று முறை வந்து, மூன்றாவது முறை தலைப்பை மாற்றிக்கொண்டு போனாள். கிண்ணியாவிலிருந்து வந்த ஆசிரியர் ஒருவர் தன் தகப்பனார் எழுதிய ஒரு மலரைப் பார்க்க மட்டும் கேட்டார். மூதூரிலிருந்து வந்த இன்னொருவர், "இதுக்கு எரிஞ்சு போயிருந்தா மனசாவது ஆறியிருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். எல்லாம் கட்டுரையில் இருந்தது. என்னைப் பற்றி ஒரு வசை இல்லை. "பொறுப்பதிகாரியின் பணிப்புரை" என்று மட்டும் இருந்தது.

எனக்கு வந்தது வெட்கம் அல்ல, கோபம். என்னுடைய நூலகத்தில், நான் கொடுத்த கவுண்டரில் நின்றுகொண்டு எனக்கு எதிராகக் கொப்பி எழுதியிருக்கிறார் என்று நினைத்தேன். பாதுகாத்தவனைக் குற்றவாளி ஆக்கிவிட்டார் என்று நினைத்தேன். அன்று மத்தியானம் நான் சாப்பிடவில்லை.

மற்ற இரண்டு மதிப்பீட்டாளர்களும் வந்த கட்டுரைகளில் இதுதான் முதல்தரமானது என்று எழுதியிருந்தார்கள். நிராகரித்தால் காரணம் கேட்பார்கள். ஆகவே நான் நிராகரிக்கவில்லை. என் தொழில் எனக்குக் கற்றுத் தந்ததைச் செய்தேன்.

நூலகத்தில் ஒரு நூலை இல்லாமல் செய்வதற்கு அதைக் கிழிக்கத் தேவையில்லை. பிழையான தட்டில் வைத்தால் போதும். பதிவில் இருக்கும், கட்டடத்துக்குள் இருக்கும், யாருக்கும் கிடைக்காது. புதிதாக வேலைக்கு வரும் ஒவ்வொருவருக்கும் இதை நான்தான் சொல்லிக் கொடுப்பேன். பிழையாக வைக்காதே என்பதற்காகச் சொல்வேன். கட்டுரைகளை அமர்வுகளாகப் பிரிப்பது என் பொறுப்பு. வாசகர் சேவை என்று ஒரு அமர்வு முதல் நாள் காலையிலேயே இருந்தது. மண்டபம் நிறைந்திருக்கும் நேரம். அவருடைய கட்டுரையின் இடம் அதுதான் என்பது முதலாம் ஆண்டு மாணவனுக்கும் தெரியும். நான் அதை எடுத்து இரண்டாம் நாள் கடைசி அமர்வில் போட்டேன். அமர்வின் பெயர் "பிற விடயங்கள்."

நிகழ்ச்சிநிரலைக் கையால் எழுதி அடிப்பதற்கு அவரிடமே கொடுத்தேன். அடித்துக்கொண்டு வந்து வைத்தார். ஒரு எழுத்துப் பிழை இல்லை. ஒன்றும் கேட்கவில்லை. கேட்காதது எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்று எனக்கு என் மேல் அருவருப்பு வருகிறது.

மாநாட்டு நாள் விடிந்தபோது மண்டப வாசலில் கட்டியிருந்த குருத்தோலைத் தோரணத்தில் பாதியை ஊருக்குள் திரியும் மான்கள் தின்றுவிட்டிருந்தன. செயலாளர் கோப்பு ஒன்றை வீசிக்கொண்டு அவற்றைத் துரத்தி ஓடினார். யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வந்தவர்கள் கைபேசியில் படம் எடுத்தார்கள். அந்த இரண்டு நாளிலும் எல்லோரும் மனம் விட்டுச் சிரித்தது அப்போதுதான்.

பிரதம அதிதி ஒன்றரை மணித்தியாலம் பிந்தி வந்தார். குத்துவிளக்கில் ஐந்து திரி, ஏற்றுவதற்கு எட்டுப் பெரியவர்கள். விட்டுப்போன மூன்று பேரின் முகம் கறுத்ததைக் கண்டு ஒரு சின்ன விளக்கும் கொண்டுவந்து வைத்தோம். பிறகு பொன்னாடை. போர்த்தியவருக்கும் ஒரு பொன்னாடை. வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை, அறிமுகவுரை. மாநாட்டுக்காக வவுனியாவிலிருந்து விடியப் புறப்பட்டு வந்த ஒரு பெண் நூலகர் பின்வரிசையில் நித்திரையாகிப்போனார். முதல் நாள் மத்தியானம் வரைக்கும் ஒரு கட்டுரையும் வாசிக்கப்படவில்லை. காலை அமர்வு பின்னேரத்துக்குப் போனது, பின்னேர அமர்வு அடுத்த நாளுக்குப் போனது. அறிவைப் பேணுகிறவர்கள் என்று எங்களைச் சொல்லிக்கொள்கிறோம். ஒரு மனிதனின் தோளில் துணி போடுவதற்கு எங்களிடம் நேரம் இருக்கிறது. ஒரு பெண் பல வருடம் நின்று எழுதியதைக் கேட்க நேரம் இல்லை. இந்த ஆத்திரம் எனக்கு அடங்கவே போவதில்லை.

அவர் அந்த இரண்டு நாளும் வாசல் மேசையில் இருந்து பை கொடுத்தார், பெயர் அட்டை கொடுத்தார். இரண்டாம் நாள் மத்தியானத்துக்குப் பிறகு மேசையை வேறொருவரிடம் விட்டுவிட்டு மண்டபத்துக்குள் வந்து இரண்டாவது வரிசையில் அமர்ந்தார். இளநீலச் சேலை. மடியில் கட்டுரை.

வந்தவர்களுக்குத் துறைமுகத்தைக் காட்டவென்று படகு ஒன்று ஒழுங்கு செய்திருந்தோம். கடைசிக்கு முந்தின அமர்வு முடிந்ததும் செயலாளர் என் காதுக்குக் கிட்ட வந்தார்.

"சேர், போட் வந்திட்டுது. நாலு மணிக்கு முதல் ஏறோணும். பிந்தினா பெர்மிட் இல்லையாம். பிரதம அதிதியின்ர மிசிசும் வாறாவாம். என்ன செய்வம்?"

"கடைசி அமர்வில எத்தினை?"

"மூண்டு. ஒருத்தர் வரேல்லை. கறையானைப் பற்றி எழுதினவர் தனக்கு வாசிக்காட்டியும் பரவாயில்லை, போட்டில ஒரு இடம் தாங்கோ எண்டுறார். மற்றது எங்கட பிள்ளையின்ர."

நான் இரண்டாவது வரிசையில் இருந்த அவரைப் பார்த்தேன். அவரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடைசி அமர்வை விடுவம்" என்றேன். "தொகுப்பில வரும்தானே."

தொகுப்பில் வரவில்லை. வாசித்த கட்டுரை மட்டுமே அச்சாகும் என்பது விதி. அந்த விதியில் கையெழுத்து வைத்தவனும் நான். படகில் என் பக்கத்தில் இருந்த பிரதம அதிதி, இவ்வளவு ஆழமான இயற்கைத் துறைமுகம் உலகத்தில் வேறு எங்கே இருக்கிறது என்று கேட்டார். நான் உற்சாகமாகப் பதில் சொன்னேன்.

நேர்முகச் சபையில் நாங்கள் நான்கு பேர். முதல்வர் தலைவர். உதவியாளரின் விண்ணப்பக் கோவையைப் புரட்டிவிட்டுக் கேட்டார்: "கட்டுரை ஏற்றுக்கொள்ளப்பட்டிருக்கு. வாசிச்சதெண்டு சான்றிதழ் இல்லையே?"

"வாசிக்கக் கிடைக்கேல்லை, சேர்" என்றார் அவர்.

முதல்வர் என் பக்கம் திரும்பினார். "நீங்கள்தானே நடத்தினனீங்கள். என்ன நடந்தது?"

அந்த அறையில் அது மிக இலகுவான கேள்வி. இரண்டு வசனத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

"நேரம் போதேல்லை" என்றேன். "கடைசி நேரத்தில ஆளும் ஆயத்தமா இருக்கேல்லைப் போல."

இரண்டாவது வசனத்தை யாரும் என்னிடம் கேட்கவில்லை. அது என் வாயிலிருந்து தானாக வந்தது. அவர் மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டு இருந்தார். பதவி வெளியிலிருந்து வந்த இன்னொருவருக்குப் போனது.

நான் ஓய்வு பெற்றேன். எனக்கும் பொன்னாடை போர்த்தினார்கள். எனக்குப் பின் வந்த நூலகர் முதல் வாரத்திலேயே ஆறு அலுமாரியையும் திறந்து வாசகசாலையில் வைத்தாராம். இத்தனை வருடத்தில் ஒன்றும் தொலையவில்லையாம். இதை ஓர்ஸ் ஹில்லில் என் வீட்டுக்கு வந்த ஒருவர் சாதாரணமாகச் சொன்னார்.

போன வருடம்தான் அந்த உதவியாளரிடம் போனேன். இப்போதும் அதே கவுண்டர். தலை நரைத்திருந்தது. நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். கட்டுரையை வேண்டுமென்றேதான் கடைசியில் போட்டேன் என்றேன்.

"தெரியும் சேர். அந்த நிரலை அடிச்சதே நான்தானே."

"அப்ப ஏன் ஒரு வார்த்தை கேக்கேல்லை?"

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்கள்?"

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"என்னட்டைச் சொல்லி என்ன பிரயோசனம், சேர்? என்ர பைலில இருக்கு, 'விண்ணப்பதாரி கட்டுரை வாசிக்கத் தவறியுள்ளார்' எண்டு. நேர்முகப் போர்டில எழுதினது. அதுக்குப் பிறகு எந்தத் தர உயர்வுக்குப் போனாலும் அதைத்தான் முதல்ல வாசிக்கினம். ரெண்டு தரம் கேட்டுப்போட்டினம், ஏன் தவறினனீர் எண்டு. நான் என்னத்தைச் சொல்ல? சொல்லுறதெண்டா அங்க சொல்லுங்கோ."

சபைத் தலைவராக முதல்வர் எழுதி வைத்த அந்தக் குறிப்பு எனக்குத் தெரியாது. தவறியுள்ளார் என்ற சொல் என் இரண்டாவது வசனத்திலிருந்து வந்தது.

அன்றைய முதல்வர் இப்போது கொழும்பில் மகளோடு இருக்கிறார். தொலைபேசியில் கூப்பிட்டேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "பழசை ஏன் கிளறுறீங்கள்? அவவுக்கு வேலை இருக்குத்தானே? பிரஷருக்கு மருந்து ஒழுங்கா எடுக்கிறீங்களோ?" என்றார். நான் தொலைபேசியை வைத்துவிட்டேன். அவரைத் திட்டினேன். திட்டி முடிய, அவர் சொன்னது அத்தனையும் நான் பல வருடம் எனக்குள் சொல்லிக்கொண்டதுதான் என்று பட்டது.

கடிதம் எழுதினேன். நடந்ததை ஒழுங்காக, ஒன்றரைப் பக்கத்தில். நிலையத்துப் பதிவாளர் கந்தோரில் இருந்த எழுதுவினைஞர் வாசித்துவிட்டு என்னை ஏறஇறங்கப் பார்த்தார்.

"தனிக்கோவையில போடலாம் ஐயா. ஆனா உரியவ பார்த்ததெண்டு கையெழுத்து வேணும்."

"போட்டா அந்த மற்றக் குறிப்பை எடுப்பினமோ?"

"எடுக்க மாட்டினம். பக்கத்தில இது இருக்கும்."

கடிதத்தை எடுத்துக்கொண்டு கவுண்டருக்குப் போனேன். அவர் நின்றபடியே வாசித்தார். மெதுவாக வாசித்தார். ஒரு மாணவன் நூலை நீட்டினான், பொறுக்கச் சொல்லிவிட்டு வாசித்தார். இரண்டாம் பக்கத்தில் பென்சிலை எடுத்து ஒரு இடத்தில் கோடு போட்டார்.

"இதில பிழை, சேர். கடைசி அமர்வு நாலு மணிக்கெண்டு போட்டிருக்கிறீங்கள். மூண்டரைக்கு. முந்தின அமர்வும் அதுக்கு முதலே முடிஞ்சிட்டுது."

"மூண்டரையோ? நாலெண்டுதான் எனக்கு ஞாபகம். அது பெரிய விசயமில்லைத்தானே."

"நாலு மணியெண்டா போட்டுக்கு நேரமாயிட்டுது. நீங்கள் போர்டில சொன்னது சரியெண்டு ஆயிடும். மூண்டரையெண்டா எனக்குத் தந்த பதினைஞ்சு நிமிசமும் வாசிச்சுப்போட்டு, நானும் வந்து போட்டில ஏறியிருக்கலாம்."

எனக்குக் கோபம் வந்தது. மறைக்கமாட்டேன். இந்த வயதில், என் பெயரை நானே கெடுத்து எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன், அரை மணித்தியாலத்துக்காகத் திருப்பி அனுப்புகிறாரே என்று. கடிதத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்து மேட்டு றோட்டில் கொஞ்ச தூரம் நடந்தபிறகுதான் என் கால் நின்றது. அந்த அரை மணித்தியாலத்தை அவர் என்னிடமிருந்து பறிக்கவில்லை. நான்தான் அதை எனக்குத் தெரியாமலே மீண்டும் ஒருமுறை அவரிடமிருந்து எடுத்திருந்தேன். குற்றத்தை ஒப்புக்கொண்டு எழுதிய கடிதத்திலும் எனக்கு வசதியான ஒரு நேரத்தை என் ஞாபகம் தயார் செய்து வைத்திருந்தது.

வீட்டுக்கு வந்து மூன்றரை என்று திருத்தினேன். அதோடு, நேரம் இருந்தது என்று ஒரு வசனமும், ஆள் ஆயத்தமாக இருந்தார், நான் கண்டேன் என்று இன்னொரு வசனமும் சேர்த்தேன். முதல் கடிதத்தில் அந்த இரண்டும் இருக்கவில்லை.

அடுத்த நாள் காலையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் கையெழுத்து வைக்கப் பேனையை எடுக்கவில்லை. என்னைக் கதிரையில் இருக்கச் சொல்லிவிட்டு, முதல் வரியிலிருந்து மறுபடியும் வாசிக்கத் தொடங்கினார்.